பொத்தானைத் தொட்டும் மெனு விரியாதது ஏன்?

கேள்வி: எங்கள் மீனவர் சங்க இணையதளத்தின் முகப்பு மெனு கணினியில் தெரிகிறது, கைபேசியில் திறப்பதில்லை. என்ன கோளாறு? (வாசகர், பழவேற்காடு)

பதில்: கணினியில் வரிசையாகத் தெரியும் மெனு, கைபேசியில் மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் சுருங்கிவிடும். அதை விரிப்பது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். ஏரிக்கரைக் குப்பங்களில் சிக்னல் மெலிந்தால் எழுத்தும் பொத்தானும் வந்துவிட்டு, நிரல் கோப்பு மட்டும் வராமல் நிற்கலாம். ஆகவே முதலில் நல்ல சிக்னலில், பிரவுசரின் கேச்சை நீக்கிவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும்.

அப்போதும் திறக்காவிட்டால் கோளாறு தளத்தில்தான். கணினியில் குரோம் சன்னலைக் கைபேசி அளவுக்குக் குறுக்கி, எஃப்12 அழுத்தினால், 'கன்சோல்' பகுதியில் பிழைகள் சிவப்பில் தெரியும். வேர்ட்பிரஸ் தளமென்றால் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது வழக்கம். தளம் பூட்ஸ்டிராப் என்ற வடிவமைப்புத் தொகுப்பின் 4-ஆம் பதிப்பிலிருந்து 5-க்கு அண்மையில் மாறியிருந்தால் சந்தேகம் முதலில் அங்கேதான் விழ வேண்டும்: 2021-இல் வெளியான 5-ஆம் பதிப்பில் 'டேட்டா-டாகிள்' என்ற குறிப்பு 'டேட்டா-பிஎஸ்-டாகிள்' ஆனது. பழைய பெயரே இருந்தால் தொட்டாலும் ஒன்றும் நடக்காது.

மெனு விரிந்தும் முகப்புப் படத்துக்கு அடியில் மறைந்தால், சிஎஸ்எஸ்-இல் அதன் இசட்-இண்டெக்ஸ் மதிப்பை உயர்த்த வேண்டும். மவுஸ் மேலே வந்தால் மட்டும் திறக்கும் துணை மெனுக்கள் தொடுதிரைக்கு ஒத்துவராது.

முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர் விடியலில் தேடுவது அலை, காற்று நிலவரம். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் முன்னறிவிப்புக்கான இணைப்பை மெனுவுக்குள் ஒளிக்காமல் முகப்பிலேயே சாதாரண இணைப்பாக வைப்பது நல்லது. அதற்கு ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை.