முதல் வரிசை இறுகிப்போகிறதே, என்ன செய்ய?

கேள்வி: கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து ரவிக்கை, பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். மார்கழி, தையில் இங்கே விடியற்காலைப் பனி தாங்காது. நாலு வயது மகனுக்கு என் கையாலேயே ஒரு குல்லா பின்னிப் போடலாம் என்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஊசியும் நூலும் வாங்கி வந்தேன். கண்ணி போடும்போதே தடுமாறுகிறேன். இறுக்கிப் போட்டால் அடுத்த வரிசையில் ஊசி நுழைய மாட்டேன் என்கிறது. தளர்த்திப் போட்டால் ஓரம் தொளதொளவென்று தொங்குகிறது. வீடியோக்களில் ஆளுக்கொரு முறை காட்டுகிறார்கள். நான் எதைப் பழகுவது? குல்லாவுக்கு எத்தனை கண்ணி போட வேண்டும்?
– ஒரு வாசகி, கல்வராயன் மலை

பதில்: தையல் தெரிந்தவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் வருவது இயல்பு, தங்கச்சி. ரவிக்கையில் ஓரத்தைக் கடைசியில்தான் மடித்து அடிக்கிறீர்கள். அது அசையாமல் நின்றால் நல்ல தையல். பின்னலில் ஓரம்தான் முதலில் பிறக்கிறது. நீங்கள் போடும் அந்தக் கண்ணி வரிசையே குல்லாவின் விளிம்பு. அது பிள்ளையின் தலையில் விரிந்து இறங்கி, நெற்றிக்கு வந்ததும் சுருங்கிப் பிடிக்க வேண்டும். திருப்பூர் பனியன் ஒன்றை எடுத்துக் குறுக்குவாட்டில் இழுத்துப் பாருங்கள். அதுவும் கண்ணிக்குள் கண்ணி கோத்து மிஷின் பின்னிய துணிதான். இழுத்தால் கண்ணிகள் அகலும், விட்டால் கூடும். உங்கள் முதல் வரிசைக்கும் அந்தக் குணம் வேண்டும்.

இப்போதைக்கு ஒரே ஒரு முறையைப் பழகுங்கள்: இரட்டை நூல் முறை. ஓரம் சீராகவும் வரும், நீண்டும் கொடுக்கும்.

முதலில் நூலின் நுனியிலிருந்து போதுமான வால் விட்டு ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு, வலக்கை ஊசியில் மாட்டுங்கள். வால் நூல் இடது கட்டைவிரலின் மேலும், உருண்டையிலிருந்து வரும் நூல் ஆள்காட்டி விரலின் மேலும் போகட்டும். இரண்டின் மிச்சத்தையும் மற்ற மூன்று விரல்களால் உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் நூல் விறைப்பாக நிற்கும். இனி ஊசி முனையைக் கட்டைவிரலின் வெளிப்பக்க நூலுக்குக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, ஆள்காட்டி விரலின் நூலை மேலிருந்து கொக்கிபோல இழுத்து, கட்டைவிரல் வளையத்துக்குள்ளேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். கட்டைவிரலை உருவி, வால் நூலை மெல்ல இழுத்தால் ஒரு கண்ணி உட்கார்ந்துவிடும்.

நீங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. ஓரம் நீள்வது கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவில் உள்ள நூலால். கண்ணியை மட்டும் பெரிதாக்கிவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டால் அது இறுக்கமாகவும் இருக்கும், பார்க்கத் தொளதொளவென்றும் இருக்கும். எனவே கண்ணி ஊசியைத் தொட்டுக்கொண்டு உட்காரட்டும். அடுத்ததைப் போடும் முன் வலக்கை ஆள்காட்டி விரலால் அதை லேசாக அழுத்திப் பிடித்து, ஊசியின் பருமன் அளவுக்கு இடைவெளி விடுங்கள். போட்டு முடித்ததும் கண்ணிகள் ஊசியில் தடையில்லாமல் வழுக்கி நகர வேண்டும். அப்படி நகர்ந்தால் அடுத்த வரிசையில் ஊசி தானாக நுழையும்.

மற்ற முறைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலில் நூலைச் சுற்றி ஒவ்வொரு வளையமாக ஊசியில் ஏற்றுவது மிக எளிது. ஆனால் முதல் வரிசை பின்னும்போது நடுநூல் நீண்டு தொங்கும், புதியவருக்கு ஆகாது. கண்ணிக்குள் ஊசி விட்டு நூலை இழுத்துப் புதுக் கண்ணியை இடக்கை ஊசியில் மாட்டுவது இன்னொரு முறை. இதற்கு வால் தேவையில்லை. பாதிப் பின்னலில் பக்கவாட்டில் கண்ணி கூட்டும்போது கைகொடுக்கும். இதையே இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் ஊசி விட்டுச் செய்தால் ஓரம் கெட்டியாக வரும். பைக்கு நல்லது, குல்லாவுக்கு வேண்டாம்.

இனி கணக்கு. நடுத்தரப் பருமன் நூலுக்கு 4 மி.மீ. ஊசி சரியாக இருக்கும். பழைய எண் கணக்கில் அது 8. அந்தக் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 10 என்றால் 3.25 மி.மீ.தான். முதலில் 30 கண்ணி போட்டு, ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), ஒரு வரிசை பர்ல் (எதிர்க்கண்ணி) என ஓர் உள்ளங்கை உயரத்துக்குப் பின்னி, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 22 வருகிறது, அதாவது ஒரு செ.மீ.க்கு 2.2 என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் தலைச்சுற்று 50 செ.மீ. இருந்தால் 4 செ.மீ. குறைத்து 46 எடுங்கள். 46-ஐ 2.2-ஆல் பெருக்கினால் 101 சொச்சம். இரண்டு நிட், இரண்டு பர்ல் என மாற்றி மாற்றி ரிப் (நீண்டு சுருங்கும் விளிம்புப் பின்னல்) பின்ன, நான்கின் மடங்கோடு இரண்டு கூட வேண்டும், ஆகவே 102. உங்கள் நூலுக்கு எண்ணிக்கை மாறும், வழி இதுதான்.

வால் எவ்வளவு? ஊசியில் நூலை 10 முறை சுற்றி, அவிழ்த்து அளந்து, பத்தால் பெருக்கி, ஒரு சாண் சேருங்கள். இந்தக் குல்லாவுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வரும். மீந்தால் வெட்டாதீர்கள், கடைசியில் பின்பக்கத்தை இணைக்க உதவும்.

பழகும்போது வெளிர் நிற நூல் எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. கடையில் கம்பளி என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். துவைத்தால் சீக்கிரம் உலரும், குழந்தைக்கு உறுத்தாது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பிள்ளை அடுப்படியில் குளிர் காயும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள்.

இருபது கண்ணி போடுங்கள், உருவுங்கள், மறுபடி போடுங்கள். நூல் வீணாகாது. ஓரம் சீராக வந்ததும் உங்கள் கணக்குக்கு வந்த கண்ணிகளைப் போட்டு நான்கு வரிசை ரிப் பின்னி, இரு கையாலும் ஓரத்தை விரித்துப் பாருங்கள். துணி விரியும் அளவுக்கு ஓரமும் விரிந்தால் தயங்காமல் மேலே பின்னலாம். விரியாவிட்டால் அங்கேயே பிரித்துவிடுங்கள். முழுக் குல்லாவும் முடிந்தபின் அந்த ஓரத்தைத் திருத்துவது எளிதல்ல.