மருத்துவக் கட்டுரையில் மேற்கோள் காட்டும் முறை

முன்னோர் கூறியதை எடுத்துக்காட்டித் தம் கருத்தை நிறுவுவது நம் இலக்கண ஆசிரியர்களுக்கும் உரையாசிரியர்களுக்கும் பழகிய வழியாகும். தொல்காப்பியர் ‘என்ப’ என்னும் ஒரே சொல்லால் இது முன்னோர் கூற்று என்று சுட்டிவிடுகிறார். மருத்துவத்தில் ‘என்ப’ போதாது. யார் சொன்னார், எங்கே சொன்னார், எப்போது சொன்னார், எவரை ஆராய்ந்து சொன்னார் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் மருத்துவர் நோயாளிக்கு மருந்து கொடுக்கிறார்.

இதனை நான் உணர்ந்தது ஒரு சிறு பணியின்போது. எங்கள் விலங்கியல் துறை ஆசிரியர் ஒருவர் ஏடிஸ் கொசுப்புழுக்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மருத்துவ இதழுக்கு அனுப்ப ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். புழுக்களை எண்ணும் வேலையில் உதவிய எனக்கு, மேற்கோள் பட்டியலை ஒழுங்கு செய்யும் வேலையும் வந்து சேர்ந்தது. அப்போது கற்றவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வான்கூவர் முறை

அறிவியல் கட்டுரைகளில் பெரிதும் வழங்கும் மேற்கோள் முறைகள் இரண்டு. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தருவது ஒன்று. இது ஹார்வர்டு முறை எனப்படும். எண்ணைத் தந்து, அந்த எண்ணுக்குரிய விவரத்தைக் கட்டுரையின் இறுதியில் தருவது மற்றொன்று. மருத்துவ இதழ்களிற் பெரும்பாலானவை இந்த எண் முறையையே கைக்கொள்கின்றன.

1978 ஜனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். அதுவரை ஒவ்வோர் இதழும் ஒவ்வொரு முறையைக் கேட்டது. ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமானால், பட்டியல் முழுவதையும் மாற்றி மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. இந்த வீண் உழைப்பைக் குறைக்க ஒரு பொது முறையை வகுத்தனர். மேற்கோள் வடிவத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் அமைத்துத் தந்தது. விதிகள் 1979இல் வெளியாயின. அன்று கூடிய குழுவே பின்னர் மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவாக வளர்ந்தது.

விதிகள் சில

முதலாவது, கட்டுரையில் எந்த மேற்கோள் முதலில் வருகிறதோ அதற்கே எண் 1. அகர வரிசைக்கு இங்கே இடமில்லை. ஒரு முறை 4 என்று எண் பெற்ற நூல், பின்னர் எத்தனை முறை வந்தாலும் 4 தான்.

இரண்டாவது, ஆசிரியரின் குடும்பப் பெயர் முன்னே, தலைப்பெழுத்து பின்னே; இடையில் புள்ளி இல்லை. ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேற்பட்டால், முதல் ஆறு பெயர்களைத் தந்து ‘மற்றும் பிறர்’ என்று முடிப்பது வழக்கம்.

மூன்றாவது, பெயர்களுக்குப்பின் கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கம் என்ற வரிசை. ஆண்டுக்குப்பின் அரைப்புள்ளி, இதழ் எண் அடைப்புக்குறிக்குள், பக்கத்திற்கு முன் முக்காற்புள்ளி. சான்றாக, 1980;302(2):123 என்றால் 1980ஆம் ஆண்டு, 302ஆம் தொகுதி, 2ஆம் இதழ், 123ஆம் பக்கம் என்று பொருள். இதழின் சுருக்கப் பெயரை நம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவ நூலகத்தின் பட்டியலில் உள்ளபடியே எழுத வேண்டும்.

இவற்றை நான் கையாலேயே செய்தேன். பாதி வேலை முடிந்தபின் ஆசிரியர் ஒரு பத்தியை முன்னுக்கு நகர்த்தினார். அதிலிருந்த மேற்கோளின் எண் மாறவே, அதைத் தொடர்ந்த எண்கள் பலவும் மாறின. இரண்டு இடங்களில் பழைய எண்ணையே விட்டுவிட்டேன். அங்கே கொசுவைப் பற்றிய வாக்கியம் கிருமியைப் பற்றிய கட்டுரையைச் சுட்டிக்கொண்டு நின்றது! சோட்டெரோ, எண்ட்நோட் போன்ற மென்பொருள்கள் இந்த எண்களைத் தாமாகவே மாற்றித் தரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

123ஆம் பக்கத்தின் கதை

பட்டியலைப் பார்த்த ஆசிரியர், “தம்பி, இந்தப் பன்னிரண்டாவது கட்டுரையை நீ படித்தாயா?” என்று கேட்டார். “இல்லை ஐயா. வேறொரு கட்டுரையின் பட்டியலில் இருந்ததை அப்படியே எடுத்தேன்” என்றேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அச்சில் ஏறியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. மேலே சான்றாகக் காட்டிய அந்த 123ஆம் பக்கத்தின் கதையைச் சொன்னார்.

1980 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷெல் ஜிக் ஆகிய இருவரின் கடிதம் ஒன்று வெளியாயிற்று. அதில் இருந்தவை ஐந்தே வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுள் 11,882 பேருக்கு அபினி வகை வலிநீக்கி தரப்பட்டது. முன்பு அப்பழக்கம் இல்லாதவர்களில் 4 பேரே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியுள்ளது என்பது அதன் சாரம்.

மருத்துவமனைக் கண்காணிப்பில் உள்ளவர் நிலை வேறு. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை உண்பவர் நிலை வேறு. ஆயினும் இக்கடிதம் இருசாராருக்கும் பொதுச் சான்றாகிவிட்டது. 2017இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள் இதை எடுத்தாண்ட கட்டுரைகளைத் தேடி எண்ணினர், 608 கிடைத்தன. அவற்றுள் 72.2 விழுக்காடு, அடிமைப்பழக்கம் அரிது என்பதற்கு இதையே சான்றாகக் காட்டின. 80.8 விழுக்காடு, அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே குறிப்பிடவில்லை. அமெரிக்காவில் 1999 முதல் 2021 வரை அபினி வகை மருந்துகளும் போதைப்பொருள்களும் மிகையாகி இறந்தோர் 6 லட்சத்துக்கும் மேல். அத்தனைக்கும் ஒரு கடிதமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் மருத்துவர்களின் அச்சத்தைப் போக்கிய சான்றுகளில் அதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

அந்த 608 கட்டுரைகளிலும் எண்ணும் பக்கமும் வடிவமும் பிழையின்றி இருந்திருக்கலாம். வடிவம் சரியாயிருப்பது வேறு, மேற்கோள் உண்மையாயிருப்பது வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

பன்னிரண்டாவது கட்டுரையைத் தேடிப் படித்தேன். அதன் ஆசிரியர்கள் கண்ணாடிக் குடுவையில் கண்டதை, நாங்கள் தெருவில் கண்டதாக எழுதியிருந்தோம்! வாக்கியத்தைத் திருத்தினோம், எண் அப்படியே இருந்தது.

முடிவுரை

மாணவ நண்பர்களே! மேற்கோள் எண் என்பது நாம் படிப்பவருக்குத் தரும் வாக்குறுதி: ‘இதை நான் படித்தேன், அங்கே இப்படித்தான் இருக்கிறது’ என்பதே அதன் பொருள். ஆகவே மூலத்தைப் படித்த பின்பே எண் கொடுங்கள். அது பின்னர் திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்றும் பாருங்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், இல்லாத கட்டுரைக்கும் ஆண்டும் பக்கமும் புனைந்து தருவதுண்டு. வடிவம் மட்டும் குற்றமற்றிருக்கும். புள்ளியும் அரைப்புள்ளியும் தவறினால் இதழாசிரியர் திருத்திவிடுவார். படிக்காமல் போட்ட எண்ணை யார் திருத்துவார்?