சுவீடன் தேசத்து நூல்கள்

கேள்வி: சுவீடிஷ் மொழியில் இக்காலத்தில் வெளிவந்த நூல்களுள் எதை முதலில் வாசிக்கலாம்? ஆங்கிலம் ஓரளவு வரும். எங்கள் மலையில் புத்தகக் கடை கிடையாது.
— ஓர் ஆசிரியை, புதூர்நாடு

பதில்: கடை இல்லாவிட்டால் என்ன, தபால்காரர் மலையேறுகிறாரே! ஜவ்வாது மலையில் வசிக்கும் தங்களுக்கு முதற்கண் சிபாரிசு செய்யத்தக்கது, ஆன்-ஹெலேன் லாஸ்டாடியஸ் 2021-இல் எழுதிய, ஆங்கிலத்தில் 'ஸ்டோலன்' என வழங்கும் நாவலே. வடகோடியில் துருவ மான் மேய்க்கும் சாமிப் பழங்குடியில் பிறந்த எல்சா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி, காதில் வெட்டிய அடையாளத்தால் தனக்கே உரியதான கன்றைக் கொன்றவனை நேரில் கண்டும், அச்சத்தால் வாய்திறவாமல் வளர்வதையும், புகார்கள் குவிந்தும் அசையாத காவல்துறையின் அலட்சியத்தையும் வாசிக்கையில், அந்நிய தேசத்துக் கதை என்ற எண்ணமே தங்களுக்கு எழாது.

கதையல்லாத நூல் வேண்டுமாயின், பாட்ரிக் ஸ்வென்சன் 2019-இல் விலாங்கு மீனைப் பற்றி எழுதி, அந்நாட்டின் ஆகஸ்ட் பரிசையும் பெற்ற நூலைத் தருவித்துக்கொள்ளுங்கள். தந்தையோடு இரவில் ஓடைக்கரையில் மீன் பிடித்த நினைவுகளையும், விலாங்கின் விதைப்பையைத் தேடி நூற்றுக்கணக்கான மீன்களை அறுத்துப் பார்த்த இளம் ஃப்ராய்டின் பிரயாசையையும் அவர் ஒருங்கே பின்னிச் செல்லும் நயம் அபூர்வமானது.

ஆங்கிலம் சிரமம் தந்தால், ஃப்ரெட்ரிக் பாக்மனின் 'எ மேன் கால்டு ஊவே' எளிது. சிடுமூஞ்சிக் கிழவரின் கதை, சிரிப்புக்குக் குறைவில்லை. தமிழிலேயே வாசிக்க விரும்பினால், சற்றுப் பழையதாயினும், 1951-இல் நோபல் பரிசு பெற்ற பேர் லாகர்க்விஸ்டின் 'பாரபாஸ்' நாவலை க.நா.சு. 'அன்பு வழி' என மொழிபெயர்த்திருக்கிறார்; அதிலிருந்தே தொடங்குங்கள்.