இடித்த கான்கிரீட்டில் புது வீடா?

கேள்வி: சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய ஷெட் ஒன்றை இடிக்கிறார்கள். அந்தக் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கி என் வீட்டுக்குப் போடலாம் என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: பாதி நம்பலாம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த மெட்ராஸ் டெரஸின் கீழ் வாழ்ந்தவர்கள்தானே நாம்! உடைத்ததைப் போடுவது நமக்குப் புதிதல்ல.

சிக்கல் வேறு. உடைத்த கான்கிரீட் ஜல்லியைக் கையில் எடுத்துப் பாருங்கள், பழைய சிமென்ட் காரை ஒட்டியிருக்கும். அது தண்ணீரை உறிஞ்சும். நனைக்காமல் கலவையில் கொட்டினால் கலவை இறுகிப்போகும். உடனே மேஸ்திரி தண்ணீரை ஊற்றுவார். பலம் அங்கேயே போச்சு.

இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 383, 2016 முதல் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில், எம்-25 தரம் வரை, மொத்த ஜல்லியில் 20 சதவீதம்தான் இது இருக்கலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25. எம்-15க்குக் குறைந்த அடித்தளக் கலவையில் முழுக்கவே போடலாம்.

தொழிற்சாலைத் தரை என்பதால் இன்னொரு எச்சரிக்கை: எண்ணெயும் அமிலமும் குடித்த கான்கிரீட்டைத் தொடவே வேண்டாம். மேஸ்திரி சம்மட்டியால் உடைப்பதைவிட, இடிபாடுகளை நொறுக்கிச் சலித்துத் தரும் ஆலையில் வாங்குவது மேல். சென்னை மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் அப்படி நிலையங்கள் உண்டு.

அஸ்திவாரத்துக்கு அடியிலும் வாசல் நடைபாதையிலும் தாராளமாகப் போடுங்கள். தூணுக்கும் தளத்துக்கும் கருங்கல் ஜல்லியே இருக்கட்டும்.