அலையை உடைக்கும் பார்

அலை தன் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமே உள்ள இடத்துக்கு வந்ததும் உடைந்து, வலிமையில் பெரும்பகுதியை அங்கேயே இழக்கிறது. நம் மீனவர் ‘பார்’ என்னும் கடலடித் திட்டு கரையைக் காப்பது இப்படித்தான். பார் இல்லாத இடத்தில் நாமே கட்டினால் என்ன?

ஆஸ்திரேலியாவின் கோல்டுகோஸ்ட் நகரத்தார் 1999-இல் நாரோநெக்கில் கட்டத் தொடங்கினர். மணல் நிரப்பிய 400-க்கு மேற்பட்ட பெரும் பைகளைக் கடலில் இறக்கினர். கரையும் நிலைக்கும், அலைச்சறுக்கு ஆடுவோர்க்கு நல்ல அலையும் எழும் என்பது திட்டம். கரை நின்றது. (கரையிலும் 10 லட்சம் கன மீட்டருக்கு மேல் மணல் கொட்டினார்கள், புகழ் முழுவதையும் பாருக்கே கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.) அலையோ எதிர்பார்த்த அளவு அமையவில்லை.

கரையைக் காக்க அலை உடைந்தால் போதும். சறுக்குபவனுக்கோ அது ஓர் ஓரத்தில் தொடங்கி, அவன் வேகத்துக்கு ஈடாக வரிசையாய் உடைந்துகொண்டே செல்லவேண்டும். ஒரேயடியாகக் கவிழ்ந்தால் பயனில்லை. எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் நான் எழுப்பும் அலைகள் ஒரே திசையில், ஒரே உயரத்தில் வருகின்றன. அவற்றுக்கேற்பப் பாரின் சரிவை அமைப்பது எளிது. கடலில் நாளுக்கொரு திசை, நாளுக்கோர் உயரம்.

இங்கிலாந்தின் பாஸ்கம்பில் சறுக்குக்காகவே ஏறத்தாழ 30 லட்சம் பவுன் செலவில் கட்டிய பாரை 2009-இல் திறந்தார்கள். அலை குறுகியும் செங்குத்தாயும் எழுந்தது. பைகள் சேதமுற்று, 2011-இல் சறுக்குவோர்க்கு மூடினார்கள். நாரோநெக் பாரை 2017-18-இல் புதுப்பித்தார்கள், முதன்மையாகக் கரைக்காக.