ஒரு சொல், பல உறவுகள்

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மாலை நேரம். தெம்பனிஸ் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். அங்குள்ள சிறிய கடையின் முன் மூன்று வயதுச் சீனக் குழந்தை ஒன்று அழுதுகொண்டு நிற்கிறது. "மாமா! மாமா!" என்று மீண்டும் மீண்டும் கூப்பிடுகிறது.

பள்ளியிலிருந்து திரும்பும் தமிழ் மாணவன் ஒருவன் அதைக் கேட்கிறான். குழந்தையின் கையைப் பிடித்துக் கடைக்காரரிடம் அழைத்துச் செல்கிறான். "மாமா, இந்தப் பாப்பா உங்களைத்தான் கூப்பிடுகிறது" என்கிறான். குழந்தையின் அழுகை இன்னும் பெரிதாகிறது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்னை இல்லை, தம்பி. அவள் தன் அம்மாவைத் தேடுகிறாள்" என்கிறார்.

மாணவன் கேட்டதில் தவறில்லை. அவன் காதில் விழுந்தது 'மாமா' என்ற சொல்தான். ஆனால், அவன் அதற்குத் தன் மொழியின் பொருளைக் கொண்டான். குழந்தை அதைத் தன் மொழியில் சொன்னது. சீன மொழியில் 'மாமா' என்றால் அம்மா.

தமிழில் 'மாமா' என்றால் முதலில் நம் நினைவுக்கு வருபவர் தாயின் உடன்பிறந்தவர். காதணி விழாவில் குழந்தையைத் தம் மடியில் அமர்த்திக்கொள்பவர் அவர்தான். குடும்ப நிகழ்ச்சிகளுக்குச் சீர் கொண்டு வருபவரும் அவரே. அத்தையின் கணவரையும் மாமா என்கிறோம். கணவன் அல்லது மனைவியின் தந்தையையும் அவ்வாறே அழைக்கிறோம். உறவினர் அல்லாத பெரியவரையும் மரியாதையாக 'மாமா' என்று கூப்பிடுவதுண்டு.

இந்த மரியாதைச் சொல்தான் சிங்கப்பூரில் ஒரு கடைக்கே பெயராகியிருக்கிறது. முற்காலத்தில் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைகளில் இந்தியர் பலர் சிறு கடைகளை நடத்தினர். பிற்காலத்தில் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும் அத்தகைய கடைகள் தோன்றின. மிட்டாய், கடலை, செய்தித்தாள், பனிக்கூழ் எனப் பலவும் அங்கே கிடைத்தன. அவற்றை நடத்தியவர்களை மக்கள் 'மாமா' என்று அழைத்தனர். கடை 'மாமா கடை' ஆயிற்று. இன்று சீனரும் மலாய்க்காரரும் ஆங்கிலத்தில் பேசும்போதுகூட அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். அது ஒரு தமிழ் உறவுச் சொல் என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

மலாய் மொழியில் 'மாமாக்' என்ற சொல் உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது தமிழ் முஸ்லிம்களைக் குறிக்க வழங்குகிறது. தமிழ் 'மாமா'விலிருந்து அது வந்தது என்பர். தே தாரேக்கும் ரொட்டி பராட்டாவும் விற்கும் கடைகளை மலேசியாவில் 'மாமாக் கடை' என்றே அழைக்கிறார்கள். சுமத்ராவின் மினாங்கபாவு மக்களோ தாயின் உடன்பிறந்தவரை 'மாமாக்' என்கிறார்கள். அங்கே தாய்வழியில் சொத்து செல்வதால், சகோதரியின் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பொறுப்பு அவருக்கு உண்டு. நம் தாய்மாமனை இது நினைவூட்டுகிறது அல்லவா?

இன்னும் சற்றுத் தொலைவு சென்று பார்ப்போம். இந்தியிலும் 'மாமா' தாயின் உடன்பிறந்தவரையே குறிக்கிறது. சிங்களத்தில் நெடிலோடு 'மாமா' என்றால் மாமா. குறிலோடு 'மம' என்றால் 'நான்'. ரஷ்ய மொழியிலும் ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியிலும் 'மாமா' என்றால் அம்மா. கருங்கடலின் கிழக்குக் கரையில் உள்ள ஜார்ஜியா நாட்டிலோ 'மாமா' என்றால் அப்பா! அந்நாட்டு மொழியில் அம்மாவுக்கு 'தெதா' என்று பெயர்.

ஒரே ஒலி எப்படி இத்தனை மொழிகளில் குடும்ப உறவைக் குறிக்கிறது? ரோமன் யாக்கோப்சன் என்ற மொழியியல் அறிஞர் 1960ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரை ஒன்றில் இதை ஆராய்ந்தார். தாய், தந்தை ஆகியோரைக் குறிக்கும் 1,072 சொற்கள் பல மொழிகளிலிருந்து திரட்டப்பட்டிருந்தன. தாயைக் குறிக்கும் சொற்களில் 'ம' போன்ற மெல்லின ஒலிகள் மிகுந்திருந்தன. குழந்தை பால் குடிக்கும்போது அதன் வாய் மூடியிருக்கும். அப்போது மூக்கின் வழியாக ஒரு முனகல் ஒலிதான் எழ முடியும். பிறகு பாலைக் கேட்கவும் தாயைத் தேடவும் குழந்தை அந்த ஒலியையே எழுப்புகிறது என்று அவர் விளக்கினார்.

தமிழ் இலக்கணம் கற்கும் நமக்கு இது புதிதன்று. மேலுதடும் கீழுதடும் பொருந்துவதால் 'ம' பிறக்கிறது என்று தொல்காப்பியம் கூறுகிறது. பல் முளைக்காத குழந்தைக்கும் உதடுகள் உண்டு. எனவே, 'ம' அதற்கு எளிதாக வருகிறது. ஒலியைக் குழந்தை தருகிறது. அந்த ஒலி யாரைக் குறிக்க வேண்டும் என்பதை அதைச் சூழ்ந்திருக்கும் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால், ஒலி ஒத்திருக்கும் சொற்கள் எல்லாம் ஒரே காரணத்தால் ஒத்திருக்கின்றனவா? இல்லை. சில சொற்கள் மக்களோடு பயணம் செய்தவை. தமிழரின் 'கப்பல்' மலாயில் 'காப்பால்' ஆனதும், 'கடை' அங்கே 'கெடாய்' ஆனதும் கடல் வணிகத்தால் நேர்ந்தவை. சில சொற்கள் குழந்தையின் வாயிலிருந்து ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே பிறந்தவை. வேறு சில தற்செயலாகவே ஒத்துப்போகின்றன.

'மா' என்ற ஓரெழுத்துச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது மாமரத்தையும் அரைத்த மாவையும் விலங்கையும் குறிக்கும். 'பெரிய' என்ற பொருளும் அதற்கு உண்டு. நன்னூல் கூறும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் அதுவும் ஒன்று. சீன மொழியிலும் 'மா' பல பொருள் தரும். ஆனால், அங்கே குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றுகிறது. உயர்ந்த குரலில் ஒரே சீராகச் சொன்னால் தாய். குரலைத் தாழ்த்தி உயர்த்தினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுதல். தமிழிலும் 'மா' குதிரையைக் குறிப்பதுண்டு. அதனால் மட்டும் சீனச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒன்று எனக் கூறிவிட முடியாது. ஒலி ஒற்றுமை ஆராய்ச்சியின் தொடக்கமே தவிர, முடிவன்று.

குரல் பொருளை மாற்றுவது சீன மொழியில் மட்டும் நடப்பதில்லை. 'மாமா' என்று ஒருவரை அன்போடு அழைத்தால் அது உறவு. அதையே ஏளனத் தொனியில் ஓர் இனத்தின் அடையாளமாகச் சொன்னால், கேட்பவர் மனம் நோகும். சொல் மாறவில்லை, சொன்ன விதம் மாறியிருக்கிறது. பல மொழி பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நாட்டில் இதை மறந்துவிடக் கூடாது. ஒரு சொல்லைக் கேட்டவுடன், 'எனக்கு இதன் பொருள் தெரியும்' என்று எண்ணுவதைவிட, 'அவர் எந்தப் பொருளில் சொல்கிறார்?' என்று எண்ணுவது நல்லது.

மீண்டும் அந்தக் கடைக்கு வருவோம். கடைக்காரர் சீன மொழியைப் பள்ளியில் படித்தவர் அல்லர். பல ஆண்டுகளாக அண்டை வீட்டார் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டவர். அவர் குழந்தையின் உயரத்துக்குக் குனிகிறார். மின்தூக்கியின் கதவு திறக்கிறது. ஒரு பெண் பதற்றத்துடன் ஓடி வருகிறார். கடைக்காரர் அவரைச் சுட்டிக்காட்டிக் குழந்தையிடம் சொல்கிறார்:

"அதோ, மாமா!"

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு ஓடுகிறது. அக்கம்பக்கத்தார் எல்லாராலும் மாமா என்று அழைக்கப்படும் அவர், அந்தச் சொல்லை அப்போது குழந்தையின் மொழியில் சொல்லியிருந்தார்.