மறைந்திருக்கும் வெப்பம்

நம் பெர்மாஸ் ஜெயாவில் மீன் விற்போர், மீன்களின்மீது பனிக்கட்டியைப் பரப்பி வைத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வெயில் 30 பாகை செல்சியசைத் தாண்டினாலும், உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை 0 பாகையிலேயே நிற்கும். முழுவதும் உருகிய பின்னரே நீரின் வெப்பநிலை ஏறத் தொடங்கும்.

அங்ஙனமாயின், அதுவரை பெற்ற வெப்பம் எங்கே சென்றது? பனிக்கட்டியின் மூலக்கூறுகளைப் பிணைத்துள்ள கட்டினைத் தளர்த்தவே அது செலவாயிற்று. வெப்பமானி காட்டாத இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசப் பிளாக் 1762இல் கிளாஸ்கோவில் இதனை விளக்கியுரைத்தார்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதனை மீனிடமிருந்தும் கவர்வதால் மீன் விரைவில் கெடுவதில்லை. ஒரு கிராம் கொதிநீர் ஆவியாவதற்கோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். அப்போதும் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டுவதில்லை.

அந்த நீராவி நம் தோலில் பட்டு மீண்டும் நீராகும்போது, மறைத்து வைத்திருந்த 540 கலோரியையும் நம்மீதே கொட்டிவிடும். பின்னர் அந்நீரும் சுடும். ஆகவே, கொதிநீரினும் நீராவி கொடிது.

இட்டலிப் பானையின் மூடியைப் பெரியோரே திறக்கட்டும். நீங்கள் விலகி நில்லுங்கள். தவறிச் சுட்டுவிட்டால், அவ்விடத்தில் குழாய்நீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். உடனே பெரியோரிடம் கூறுங்கள். பனிக்கட்டியை வைத்தல் ஆகாது. அது புண்பட்ட தோலை மேலும் கெடுக்கும்.

கண்ணுக்குப் புலனாகாததையும் அறிவால் அறிந்து, கவனமாய் நடப்போமாக!